பெரியப்பாவுக்கு ஊசி போட்டவள்

“வணக்கம்மா. உங்க ரத்த அழுத்தத்தைப் பார்க்கலாமா?” என்று கேட்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள், “தாராளமா பாருங்க சிஸ்டர்” என்று கொஞ்சம் கட்டைக் குரலில் பதிலும் வந்துவிடுகிறது. அதுவும் அவள் வாயிலிருந்துதான். கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, “இறுக்கமா இருக்காம்மா?” என்பாள். “இல்ல சிஸ்டர், சவுகரியமா இருக்கு” என்று மறுபடி அந்தக் கட்டைக் குரல். என் கை, என் ரத்தம், என் அழுத்தம். ஆனால் இதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பேசாமல் படுத்திருந்தால் போதும்.

இரண்டு குரலும் பேசி முடித்ததும் அவள் தலை சட்டென்று இடது பக்கம் திரும்பும். அங்கே ஒரு ஜன்னலும், ஜன்னல் கம்பியில் காயும் என் துண்டும்தான் இருக்கின்றன. துண்டு ஏதாவது சொல்லும் என்று எதிர்பார்ப்பவள்போல ஒரு நொடி அதைப் பார்ப்பாள். பிறகு “செய்முறை முடிந்தது” என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள்.

வயது இருபத்திரண்டு. ஒல்லி. வளர்கிற பெண் என்று தையல்காரர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது, வெள்ளைச் சீருடை தோளில் ஒரு சுற்று பெரிது. காலணி சரியான அளவுதான், ஆனால் ஒவ்வோர் அடிக்கும் கீச்சென்று கத்தும். பையில் நாலு நிறத்தில் பேனா, ஒரு குட்டி நோட்டு. நெஞ்சில் தலைகீழாகக் குத்திய கடிகாரம். கீச்சுச் சத்தம் கேட்டாலே பெண்கள் எலும்பு வார்டின் பதினாலு கட்டில்களிலும், “பரீட்சை வந்தாச்சு” என்பார்கள். வார்டு அவளுக்கு வைத்த பெயர் அதுதான். அவளும் கோபப்படாமல், “வந்துட்டேன், வந்துட்டேன்” என்பாள்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் பத்திரிகையில் பிழை திருத்துகிறவள். அடுத்தவர்கள் எழுத்தில் விட்ட காலையும் கொம்பையும் பிடித்துக் கொடுத்தே இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டேன். ஆபீஸ் மாடிப்படியில் என் சொந்தக் காலைத்தான் கோட்டைவிட்டேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகி, உள்ளே தகடு வைத்து, பன்னிரண்டு நாள் எட்டாம் நம்பர் கட்டிலில் போட்டுவிட்டார்கள். படுத்தபடி திருத்துவதற்கு வேறு எதுவும் அகப்படாததால் இந்தப் பெண்ணைப் படிக்க ஆரம்பித்தேன்.

சும்மா இருக்கத் தெரியாதவள் நான். தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டுவரும் என் தங்கை, வந்த முதல் நாளே வார்டுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்துவிட்டாள். “எங்க அக்காவுக்கு வாய்தான் முதல்ல, ஆள் பின்னாடிதான். என் கல்யாண ஆல்பத்துலயே பாருங்க, பொண்ணு மாப்பிள்ளையை விட இவ வாய்தான் பெரிசாத் தெரியும்.” பதினாலு கட்டிலும் சிரித்தன. உடைந்த காலை வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது, எழுந்து அடிக்கவும் முடியாது.

அந்த வாயை வைத்துக்கொண்டு மூன்றாம் நாளே கேட்டுவிட்டேன். “ஏம்மா, நீ கேக்குற, சரி. பதில் சொல்றது யாரு?”

அவள் காது சிவந்துவிட்டது. “அது பெரியப்பா, அக்கா” என்றாள்.

அவளுடைய அப்பாவின் அண்ணன் யாரோ பாவம் போய்ச் சேர்ந்துவிட்டார், இவள்மேல் வந்து இறங்குகிறார் என்று நினைத்து உச்சுக்கொட்டப் போனேன். நல்லவேளை, அதற்குள் விளக்கிவிட்டாள். பெரியப்பா என்பது அவர்கள் நர்ஸிங் கல்லூரியின் ரப்பர் பொம்மை. ஆள் உயரம், அரைக்கண் மூடி, எந்நேரமும் மல்லாந்து படுத்திருப்பார். விசேஷ வீட்டில் சாப்பிட்டுவிட்டு நடுக்கூடத்தில் சாய்ந்த பெரியப்பா மாதிரியே இருந்ததால் எந்தக் காலத்து மாணவியோ வைத்த பெயர். அறுபது பெண்களுக்கு அவர் ஒருவர்தான். இடது கை கழன்று கழன்று வரும் என்பதால் கட்டுப்போட்டு ஒட்டவைத்திருப்பார்களாம்.

“ஊசி அவருக்குத்தான் போட்டுப் பழகினியா?”

“ஆமாக்கா. ரொம்ப நல்ல நரம்பு. எங்க சீனியருங்க குத்திக் குத்தி வழி பண்ணி வெச்சிருந்தாங்க. ஊசியப் பக்கத்துல கொண்டுபோனாலே தானா உள்ள போயிடும்.”

செய்முறைத் தேர்வில் தேர்வாளர் இடது பக்கத்தில் தாளோடு உட்கார்ந்திருப்பார். செய்வதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் மதிப்பெண். நோயாளியிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, பதிலும் வர வேண்டும். “பெரியப்பா பேச மாட்டாரு இல்லையா, அதனால நாங்களே பேசிடுவோம். பதில் வரலன்னா ரெண்டு மார்க் போச்சு. தேர்வாளருக்கு முதுகைக் காட்டினாலும் ரெண்டு மார்க்.”

“உக்காந்தா?”

“உக்காந்தா வெளிய அனுப்பிடுவாங்கக்கா” என்றாள், நான் ஏதோ கொலைக்கு யோசனை கேட்டதுபோல.

அவளுடைய முதல் நாள் கதையை எனக்குச் சொன்னது ஏழாம் கட்டில் இஸ்திரிக்கார அம்மா. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாக வார்டிலேயே குடியிருப்பவர். அவரும் பரீட்சையும் ஒரே வாரத்தில்தான் இங்கே வந்து சேர்ந்தார்களாம். அன்றைக்கு இவள் குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறக்கவில்லை. காய்ந்த கையை அப்படியே இருபது நொடி தேய்த்தாள். “கைகளைச் சுத்தமாகக் கழுவிவிட்டேன்” என்று ஜன்னலைப் பார்த்து அறிவித்துவிட்டு, கட்டுப் பிரிக்க வந்துவிட்டாள். கல்லூரியின் பயிற்சி அறையில் குழாய் உண்டு, தண்ணீர் கிடையாது. நாலு வருஷமும் வாயால்தான் கழுவியிருக்கிறார்கள். வார்டுப் பொறுப்பிலிருக்கும் இன்சார்ஜ் சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திரும்ப இழுத்துப்போய், “இங்க தண்ணி வருது தாயே. தொறந்து பாரு” என்றாராம்.

படிப்பில் குறை சொல்ல முடியாது. படுக்கைப் புண் வரக் காரணங்கள் பதினொன்று, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மணி மணியாகச் சொல்வாள். ஆனால் இஸ்திரிக்கார அம்மா விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஐயோ விழுந்துடுவேன், நான் விழுந்துடுவேன்” என்று கத்தும்போது அடியிலிருந்து அந்த விரிப்பை எப்படி உருவுவது என்று எந்தப் பக்கத்திலும் போடவில்லை. பெரியப்பா விரிப்பைப் பிடித்ததில்லை. ஒரே நேரத்தில் இரண்டாம் கட்டில் தண்ணீர் கேட்டு, ஐந்தாம் கட்டில் மணியடித்து, வாசலில் யாருடைய மாமியாரோ சண்டை பிடித்து, மேஜையில் போனும் அலறினால் முதலில் எதற்குப் போவது என்றும் போடவில்லை. அப்படி ஒரு காலையில் அவள் வார்டின் நடுவில் நின்று மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றுவதைப் பார்த்தேன். கடைசியில் போனை எடுத்தாள். எடுத்து, “வணக்கம், செய்முறை முடிந்தது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சிரித்தேன், மறைக்கவில்லை. ஆனால் அவள் மூச்சு எண்ணுவதைப் பார்த்த பிறகு அவ்வளவு தைரியமாகச் சிரிக்க முடியவில்லை. மற்ற சிஸ்டர்கள் கட்டில் பக்கமாக நடந்துபோகிற வேகத்திலேயே மூச்சு பதினெட்டு என்று எழுதிவிடுவார்கள். பதினாலு பேரும் ஒரே தாளத்தில் பதினெட்டு பதினெட்டாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். இவள் மட்டும் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் முழுசாக ஒரு நிமிஷம் நின்று எண்ணுவாள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். என் ஏழாம் நாள், இஸ்திரிக்கார அம்மாவுக்கு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். இருபத்தெட்டு. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்திருக்கிறது, நல்லவேளை இன்றைக்கே பார்த்தோம் என்றார் டாக்டர். அன்றைக்கு எல்லா சிஸ்டர்களும் நின்று எண்ணினார்கள்.

அந்தப் பெருமை ஒரு மணி நேரம்தான் நிலைத்தது. நெஞ்சுச் சளிக்குப் புது ஊசி மருந்து எழுதிவிட்டுப் போயிருந்தார் டாக்டர். பரீட்சை தட்டோடு வந்தாள். “அம்மா, உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?” என்று கேட்டாள். “அப்படி எதுவும் இல்ல சிஸ்டர்” என்றது கட்டைக் குரல். இடது பக்கம் ஒரு பார்வை. ஊசியை எடுத்துவிட்டாள்.

“இரு, இரு” என்று இஸ்திரிக்கார அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “என்ன ஊசி அது? பென்சிலினா? அது எனக்கு ஆகவே ஆகாது. போன தடவை போட்டு மூச்சு முட்டி, ஆளையே தூக்கிட்டு ஓடினாங்க.”

பென்சிலின் வகைதான். இன்சார்ஜ் சிஸ்டர் வந்து ஊசியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தட்டில் வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “அவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள நீயே சொல்லிட்டியேம்மா” என்றார், அவ்வளவுதான்.

இதில் அவளுக்கு என்ன போய்விடும் என்று நீங்கள் கேட்கலாம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இரண்டு மாதம் சோதனைக் காலம். முப்பது வேலைகள் அச்சடித்த ஒரு புத்தகம் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் சரியாகச் செய்கிறாள் என்று இன்சார்ஜ் சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தொன்பது ஆகிவிட்டது. முப்பதாவது, ஊசி மருந்து கொடுத்தல். அன்றைக்குப் போட்டிருக்க வேண்டிய கையெழுத்து அது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் புத்தகம் முழுசாக ஆபீசுக்குப் போகாவிட்டால் வேலை இல்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவள் அப்பா பஸ் ஓட்டுகிறார். என் பெண் நர்ஸ் என்று அந்த வழித்தடத்தில் ஏறி இறங்குகிற அத்தனை பேருக்கும் சொல்லிவைத்திருக்கிறார். மத்தியான வேளையில் போன் செய்து, “கையெழுத்து ஆச்சாம்மா?” என்பார். “ஒண்ணுதான் பாக்கிப்பா” என்று இவள் சிரிப்பாகச் சொல்லிவிட்டு, துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அன்றைக்கும் அப்படிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கட்டிலருகே நின்றாள். “கேட்டேன் அக்கா. கேக்காம இல்ல.”

“கேட்ட. பதிலையும் நீயே போட்டுக்கிட்ட” என்றேன். சொன்ன பிறகு எனக்கே கஷ்டமாக இருந்தது. உண்மையில் எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அறுபது பெண்களுக்கு ஒரு ரப்பர் பெரியப்பாவைக் கொடுத்து, நாலு வருஷம் அவரோடு பேசவிட்டு, வாய் திறந்து பேசும் ஜனங்களிடம் ஒரே நாளில் அனுப்பிவிட்டவர்கள்மேல்தான் கோபம். அந்தப் பெரியப்பாவுக்கு எல்லாமே ஒத்துக்கொண்டிருக்கிறது.

அதன்பின் நாலு நாள் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. “காய்ச்சல் இருக்காம்மா?” என்று கேட்டுவிட்டு உதட்டைப் பல்லால் கடித்துக்கொள்வாள். அப்படியும் ‘இல்ல சிஸ்டர்’ மூக்கு வழியாக ஒரு முனகலாக வந்துவிடும். நாங்களும் சும்மா இருக்கவில்லை. அவள் கேள்வி முடிவதற்குள் பதினாலு பேரும் பாய்ந்து பதில் சொல்லப் பழகினோம். கட்டைக் குரலுக்கும் எங்களுக்கும் ஓட்டப் பந்தயம். பாதி நாள் கட்டைக் குரல்தான் ஜெயித்தது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் என் காயத்தைப் பார்த்தார். தையல் ஓரம் லேசாகச் சிவந்திருக்கிறது, மருந்தை மாற்றிவிடலாம் என்று புது ஊசி ஒன்றை எழுதிவிட்டு ஆபரேஷன் அறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் என் காதருகே குனிந்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு குறும்பு.

“இன்னிக்கு உங்களுக்கு அவளையே போடச் சொல்றேன். ஆகாத மருந்து இருக்கான்னு கேப்பா. நீங்க உடனே பதில் சொல்லாதீங்க. வாயை மூடிட்டுப் படுத்திருங்க. எவ்வளவு நேரம் தாங்குறான்னு பாக்கணும். உங்களுக்குத்தான் அப்படி ஒண்ணும் இல்லையே, சேரும்போதே எழுதியாச்சு.”

எழுதியிருந்தது. ‘ஒவ்வாமை: இல்லை’ என்று அவர் கையெழுத்திலேயே என் கோப்பின் முதல் பக்கத்தில். காலை உடைத்துக்கொண்டு வந்த அன்று, “அலர்ஜி ஒண்ணும் இல்லையே?” என்றார், வலியில் நானும் தலையை ஆட்டினேன். பன்னிரண்டு நாளில் அந்தக் கோப்பை நான் நாலு தடவை வாங்கிப் படித்து, டாக்டர் விட்ட ஒற்றெழுத்துகளைக்கூட மனசுக்குள் திருத்தியிருக்கிறேன்.

“வாயை மூடிட்டு இருக்க உங்களால முடியுமா?” என்று சிஸ்டர் என் வாயைப் பார்த்துக் கேட்டார். ரோஷம் வந்துவிட்டது. முடியும் என்றேன்.

பதினொன்றரைக்குக் கீச்சுச் சத்தம் வந்தது. சிஸ்டர் புத்தகமும் பேனாவுமாக ஜன்னலோரம், அதே இடது பக்கம், என் துண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பரீட்சை கையைக் கழுவினாள், நிஜத் தண்ணீரில். தட்டை வைத்தாள். என் பெயரைக் கேட்டுக் கோப்போடு ஒத்துப்பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்துவிட்டுப் புத்தகத்தில் இருக்கிறபடி முழுசாகக் கேட்டாள்.

“இதுக்கு முன்னால எப்பவாவது, ஏதாவது மாத்திரை சாப்பிட்டோ ஊசி போட்டோ, உடம்பு அரிச்சிருக்கா? தடிச்சிருக்கா? முகமோ உதடோ வீங்கியிருக்கா?”

நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் உதடு அசைந்தது. ‘இ’ வரைக்கும் வந்துவிட்டது, பார்த்தேன். பற்களால் பிடித்து நிறுத்தினாள். மூன்றாம் கட்டிலில் மணி அடித்தது, ஆயாம்மா போனார். இஸ்திரிக்கார அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். சிஸ்டர் பேனா மூடியைத் திறந்து மூடினார். பத்து நொடி, இருபது நொடி. பேசாமல் இருப்பது என்ன கொடுமை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பரீட்சையின் தலை இடது பக்கம் கொஞ்சம் நகர்ந்தது, பாதியில் நின்றது.

பிறகு காலால் துழாவிப் பார்வையாளர் ஸ்டூலை இழுத்தாள். இழுத்துப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். “யோசிச்சு சொல்லுங்கக்கா. அவசரம் ஒண்ணும் இல்ல” என்றாள். சொந்தக் குரலில்.

அவசரம் இல்லையாம். பன்னிரண்டு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கிறது, அவசரம் இல்லையாம். அட கடவுளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வேடிக்கைக்காக மூடிய வாய். வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் அவள் கேட்டதை ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிப் படித்தேன். அரிப்பு இல்லை. தடிப்பு இல்லை. முகம். உதடு.

உதடு. தங்கையின் கல்யாண ஆல்பம் கண் முன்னால் வந்து விரிந்தது.

“இருக்கு” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. “என் தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தின நாள் பல் வலி. பல் டாக்டர் ஏதோ மாத்திரை குடுத்தார். ராத்திரிக்குள்ள உதடு ரெண்டும் வீங்கிப்போச்சு. போட்டோல எல்லாம் அப்படித்தான் இருப்பேன். இந்த மருந்தை இனிமே தொடாதீங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தார். இருபது வருஷம் ஆச்சு. வீட்ல எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சு, நானும் அதைச் சிரிப்புன்னே நினைச்சுட்டேன்.”

“மருந்து பேரு?”

“ஞாபகம் இல்ல. சீட்டும் தொலைஞ்சு போச்சு.”

அவள் ஊசியின் மூடியைப் போட்டாள். தட்டின்மேல் துணியை மூடினாள். “அப்ப டாக்டரைக் கேக்காம இதப் போடக் கூடாது சிஸ்டர்” என்றாள், திரும்பாமலே.

“டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு. வர ஒரு மணி ஆகும்” என்றார் சிஸ்டர்.

“தெரியும் சிஸ்டர்.”

“புத்தகம் பன்னண்டுக்குப் போகணும். ஊசி போட்டாத்தான் முப்பதாவது.”

போடு தாயே, என்ன ஆகிவிடப் போகிறது, உதடு வீங்கினால் வீங்கட்டும் என்று சொல்லக்கூட வாய் வந்தது. நல்லவேளை, அன்றைக்கு மூடிப் பழகியிருந்தேன்.

“போட மாட்டேன் சிஸ்டர்” என்றாள்.

சிஸ்டர் என் கோப்பை எடுத்தார். முதல் பக்கத்தைப் புரட்டி, தான் எழுதிய ‘இல்லை’யைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன், இந்தத் தடவை நிஜமாகவே வெட்கப்பட்டு. நாலு தடவை படித்தும் நான் விட்ட பிழை அது. சிஸ்டர் அதன்மேல் அழுத்தமாக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘உண்டு’ என்று பெரிதாக எழுதினார். அதே பேனாவோடு கோப்பை மூடிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். முப்பதாவது கட்டத்தில் கையெழுத்துப் போடும் சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும்.

“இந்தா, பிடி. ஓடிப்போய்க் குடுத்துட்டு வா” என்று சிஸ்டர் புத்தகத்தை நீட்டினார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பரீட்சை இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஆகாத மருந்து உள்ளவர்களுக்குக் கட்டும் சிவப்புப் பட்டையைத் தட்டிலிருந்து எடுத்து என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். “ஒரு நிமிஷம் சிஸ்டர்” என்றாள். பட்டையை மாட்டி, அடியில் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தாள்.

“இறுக்கமா இருக்காக்கா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, விரலை எடுக்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.